பொலோன்யா பழைய படத் திருவிழாவுக்குப் போவதென்றால்

கேள்வி இதுதான்: "சின்ன வயதிலிருந்தே பழைய படம் என்றால் எனக்கு உயிர். சாப்ளின், கீட்டன், நம் ஜெமினி ஸ்டூடியோ படங்கள் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அடுத்த ஜூனில் இத்தாலியின் பொலோன்யாவில் நடக்கும் இல் சினிமா ரித்ரோவாத்தோ விழாவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். செலவு அதிகம், பாதிப் படம் யூடியூபிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவது தகுமா? போனால் எதைப் பார்ப்பது? அப்பாவையும் கூட்டிப்போக ஆசை. அவருக்கு ஆங்கிலம் படிக்கச் சிரமம்."

தாராளமாகப் போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த யூடியூப் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

யூடியூபில் இருக்கும் பழைய படம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது தெரியுமா? யாரோ ஒருவர் 16 மி.மீ. பிரதியிலிருந்து வீடியோ கேசட்டுக்கு மாற்றியிருப்பார், அதிலிருந்து இன்னொருவர் டிவிடி போட்டிருப்பார், அதைச் சுருக்கி மூன்றாமவர் ஏற்றியிருப்பார். கதை தெரியும், நடிகர் முகம் ஓரளவு தெரியும், அவ்வளவுதான். அந்தப் படம் வெளியான காலத்தில் தியேட்டரில் உட்கார்ந்தவர் எதைப் பார்த்தாரோ அது அதில் இல்லை. மௌனப் படங்கள் என்றால் இன்னும் மோசம். வேகம் தப்பாக இருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், நிறம் போயிருக்கும், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பியானோ இசையை ஒட்டி வைத்திருப்பார்கள். மௌனப் படங்களில் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதே இப்படிப் பார்த்துப் பழகியதால்தான்.

அதனால் பொலோன்யாவுக்குப் போவது அரிய படம் பார்ப்பதற்காக மட்டும் அல்ல, அதுவும் உண்டு என்றாலும். பிரதியைப் பார்க்கப் போகிறோம். எந்தச் சுருள், எந்தக் காப்பகத்திலிருந்து வந்தது, எத்தனை ஆண்டு பழையது, எந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், இதையெல்லாம் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற இடம் உலகத்திலேயே மிகச் சில. அதில் இதுதான் பெரியது என்பது என் எண்ணம்.

விழா 1986இல் தொடங்கியது. பொலோன்யாவின் சினிமா காப்பகமான சினெதெக்கா நடத்துகிறது. ஜூன் கடைசியில் 9 நாள், 400க்கும் மேற்பட்ட படங்கள், காலை ஒன்பது வாக்கில் தொடங்கினால் நள்ளிரவு தாண்டும். முதல் ஊமைப்படங்களிலிருந்து எழுபது எண்பதுகளின் படங்கள் வரை எல்லாம் வரும். ஒரே நேரத்தில் ஏழெட்டு இடங்களில் ஓடும் என்பதால், 9 நாளும் இருந்து கண் விழித்துப் பார்த்தாலும் பெரும்பகுதியை விட்டுத்தான் ஆக வேண்டும். இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு படம் பாதியில் எழுந்து அடுத்த தியேட்டருக்கு ஓடும் ஆட்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அவர்களுக்கு எந்தப் படமும் முழுதாகக் கிடைப்பதில்லை. நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு படம், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, அந்த மூன்று நான்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புதிதாக மீட்டெடுத்த புகழ்பெற்ற படங்களைப் பகல் வேளையில் விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், 4கே தரத்தில் மீட்டெடுத்த ஹாலிவுட் படமோ பிரெஞ்சுப் படமோ அடுத்த ஓராண்டு இரண்டாண்டுக்குள் புளூரேயில் வந்துவிடும், ஏதாவது ஓடிடியில் வந்துவிடும், சென்னை விழாவுக்கே கூட வரலாம். அது டிஜிட்டல் கோப்பு, எங்கே போட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு காப்பகத்திலிருந்து வந்திருக்கும் ஒரே ஒரு 35 மி.மீ. பிரிண்ட், அன்று மாலை நாலரைக்கு ஒரு தடவை ஓடிவிட்டுப் பெட்டியில் திரும்பிப் போய்விடும். அடுத்து எப்போது எந்த ஊரில் ஓட்டுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடிக்க விழாவின் கையேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும் தடித்த புத்தகம், ஒவ்வொரு படத்துக்கும் கட்டுரை போட்டிருப்பார்கள். கட்டுரையை அப்புறம் படியுங்கள், முதலில் அந்தச் சின்ன எழுத்து வரியைப் பாருங்கள். டிசிபி என்று இருந்தால் டிஜிட்டல். 35 மி.மீ. என்று இருந்தால் சுருள். அதற்குப் பக்கத்திலேயே சுருளின் நீளம் மீட்டரில் இருக்கும், எத்தனை நிமிடம், நொடிக்கு எத்தனை பிரேம் (சுருளில் உள்ள தனித்தனிப் படக் கட்டம்), வண்ணம் ஏற்றியதா, எந்தக் காப்பகம் கொடுத்தது என்பதும் இருக்கும். உதாரணமாக 1,800 மீட்டர் உள்ள ஒரு மௌனப் படம் என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது மீட்டருக்கு ஐம்பத்திரண்டரை. மொத்தம் 94,500 பிரேம். நொடிக்கு 20 பிரேமில் ஓட்டினால் 79 நிமிடம் வரும், பேசும்பட வேகமான 24இல் ஓட்டினால் 66 நிமிடத்தில் முடிந்துவிடும். இடையில் 13 நிமிடம் காணாமல் போகிறது. காட்சி எதையும் வெட்டவில்லை, எல்லோருடைய நடையும் பார்வையும் தயக்கமும்தான் நசுங்கிப்போகிறது. கேமராவைக் கையால் சுற்றிய காலத்தில் நிலையான வேகம் என்று ஒன்று கிடையாது என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் சரியான வேகம் எது என்று ஆராய்ந்து முடிவுசெய்து அதைக் கையேட்டில் அச்சடித்தும் தருகிறார்கள். சரியான வேகத்தில் ஒரு 1920களின் படத்தைப் பெரிய திரையில் முதன்முதலாகப் பார்க்கும்போது, அந்த நடிகர்கள் நம்மைப் போலவே நடப்பதும் திரும்புவதும் மூச்சு விடுவதும் தெரியும். அதுவரை பார்த்த மௌனப் படங்களையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிடும்.

வண்ணம் ஏற்றியது என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். மௌனப் படங்கள் கறுப்பு வெள்ளை என்பது பாதிதான் உண்மை. அந்தக் காலப் பிரிண்டுகளில் பெரும்பாலானவை சாயத் தொட்டியில் முக்கி எடுத்தவை. இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கு எரியும் அறைக்கு இளமஞ்சள், தீப்பிடித்தால் சிவப்பு. பிரான்ஸின் பாத்தே நிறுவனம் அதற்கும் மேலே போய், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அச்சு வெட்டி, பெண் தொழிலாளர்களை வைத்துப் பிரேமுக்குப் பிரேம் நிறம் பூசியது. பின்னாளில் இவற்றைக் கறுப்பு வெள்ளைச் சுருளில் நகல் எடுத்தபோது நிறம் எல்லாம் போனது. அப்படி இழந்ததை மறுபடி ஏற்றிய பிரதிகளை இங்கே பார்க்கலாம். ஒவ்வொரு ஆண்டும் 'நூறு ஆண்டுகளுக்கு முன்பு' என்றொரு பிரிவு உண்டு, சரியாக நூறு ஆண்டு முன்னால் வெளியானவற்றை மட்டும் போடுவார்கள், 2003இலிருந்து நடக்கிறது. நாளைக்கு ஒன்றாவது அதிலிருந்து பாருங்கள். பெரிய பெயர்களோடு செய்திச் சுருள்களும் குட்டிக் குட்டிப் படங்களும் கலந்து வரும். யாருடைய பெயரும் மிஞ்சாத ஒரு ஐந்து நிமிடப் படம் அன்றைய நாளின் மிகச் சிறந்த படமாக அமைவது அங்கே அடிக்கடி நடக்கும்.

வண்ணப் படங்களில் தேட வேண்டியது பழைய டெக்னிகலர் பிரிண்ட். நாம் டிவியில் பார்த்த அறுபது எழுபதுகளின் கலர்ப் படங்கள் பல செக்கச்செவேல் என்று இருந்தது ஞாபகம் இருக்கும். ஈஸ்ட்மன்கலர் சுருளில் மற்ற சாயங்கள் வெளிறிச் சிவப்பு மட்டும் தங்கிவிடும், அதன் விளைவு அது. டெக்னிகலர் வேறு மாதிரி. மூன்று நிறச் சாயங்களையும் அச்சகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடிப்பதைப் போலச் சுருளில் பதித்த முறை, அந்தச் சாயம் அவ்வளவு எளிதில் மங்காது. 1950களில் அடித்த பிரிண்ட் இன்றைக்கும் அதே சிவப்பு, அதே பச்சை. கையேட்டில் 'விண்டேஜ் பிரிண்ட்' (அந்தக் காலத்திலேயே அடித்த பிரிண்ட்), 'டெக்னிகலர்' என்று சேர்ந்து இருந்தால் படம் என்னவென்றுகூடப் பார்க்க வேண்டாம், போய் உட்காருங்கள். கீறல் இருக்கும், ரீல் முடியும் இடத்தில் ஒட்டுப்போட்ட குதியல் இருக்கும், திரையின் வலது மேல் மூலையில் ஆபரேட்டருக்கான வட்டப் புள்ளி ரீலுக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முதல் புள்ளி வந்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். நம் ஊர் தியேட்டர்களில் ஆபரேட்டர் ரூமில் இரண்டு மெஷினுக்கும் நடுவே நின்று வேலை பார்த்த மனிதர்கள் செய்ததும் இதே வேலைதான். பொலோன்யாவில் இன்றும் அதை ஒரு பிசகும் இல்லாமல் செய்கிறார்கள், படம் முடிந்ததும் பார்வையாளர்கள் திரும்பி ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கைதட்டுவதும் உண்டு.

கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் கார்பன் விளக்குக் காட்சியைத்தான் சொல்வேன். சினெதெக்காவின் லூமியேர் தியேட்டருக்கு வெளியே பசோலினி பெயரில் ஒரு சின்ன முற்றம் இருக்கிறது (இத்தாலிய இயக்குநர் பசோலினி பிறந்தது இதே ஊரில், 1922இல்). இருட்டிய பிறகு அங்கே ஒரு பழைய புரொஜெக்டரை வெட்டவெளியில் நிறுத்தி, கார்பன் விளக்கிலேயே படம் காட்டுவார்கள். டூரிங் டாக்கீஸ் காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு கார்பன் குச்சி, முனைக்கு முனை கொஞ்சம் இடைவெளி, மின்சாரம் பாய்ந்ததும் நடுவில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைச் சுடர். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், ஆபரேட்டர் கண் எடுக்காமல் பார்த்து நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரை மங்கிவிடும். அந்த ஒளி ஒரே சீராக நிற்காது, லேசாகத் துடிக்கும். மெஷினின் மேலே புகை போகும், பக்கத்தில் உட்கார்ந்தால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும், வாசனையும் வரும். புரொஜெக்டர்களுக்கு செனான் விளக்கு வருவதற்கு முன்னால் உலகம் முழுக்கத் தியேட்டரில் சினிமா பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது இந்த ஒளியில்தான். அந்த நாளைய ஒளிப்பதிவாளர்கள் வெளிச்சம் அமைத்ததும் இதை நினைத்துத்தான். இந்தக் காட்சிகளுக்கு இடம் குறைவு, நாளும் குறைவு. அட்டவணை வந்ததும் முதலில் இதைக் குறித்துவைத்து, மற்றதையெல்லாம் இதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

பியானோக்காரர்கள் விஷயமும் இப்படித்தான். மௌனப் படங்களுக்குப் பெரும்பாலும் பதிவு செய்த இசை கிடையாது, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படத்தைப் பார்த்தபடி வாசிப்பார். நீல் பிராண்ட், டொனால்ட் சோசின், ஸ்டீபன் ஹார்ன், கப்ரியேல் திபோதோ, மோட் நெலிசன் போன்றவர்கள் இந்த உலகத்தில் பெரிய பெயர்கள். ஸ்டீபன் ஹார்ன் பியானோ வாசிக்கும்போதே இன்னொரு கையால் புல்லாங்குழலை எடுத்து ஊதுவார், அக்கார்டியனையும் சேர்ப்பார், அதையும் பார்க்கிற மாதிரி ஓரமாக இடம் பிடியுங்கள். ஒரே படத்துக்கு வேறொருவர் வாசித்தால் அது வேறு படமாகிவிடும். கச்சேரிக்குப் போகிறவர்கள் பக்கவாத்தியம் யார் என்று பார்ப்பதுபோல நான் மௌனப் படத்துக்குப் போகுமுன் வாசிப்பவர் யார் என்று பார்ப்பேன்.

நம் பக்கத்துப் படங்கள் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜெமினி என்று சொன்னதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த ஊருக்கும் நம் சினிமாவுக்கும் நிஜமான தொடர்பு இருக்கிறது. லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற மீட்டெடுப்புக் கூடம் பொலோன்யாவில்தான் இருக்கிறது, 1992இல் தொடங்கியது. நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா' (1948) படம் எடுக்கப்பட்டது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில், நம் பத்மினி திரையில் முதலில் தோன்றிய படமும் அதுதான். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசியின் உலக சினிமா அறக்கட்டளை மூலம் அதை மீட்டெடுத்தது இந்தக் கூடம், 2012இல் கான் விழாவில் திரையிட்டார்கள். 1993இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகிப்போன சத்யஜித் ராயின் அபு படங்களின் நெகடிவ்களும் இங்கேதான் வந்தன. தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்த சுருளை நீர்ச்சத்து ஏற்றி இளக வைத்து, ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டிச் சீராக்கி, ஸ்கேனரில் ஓடுகிற அளவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஆயிரம் மணிநேர வேலை ஆனது. 'பாதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதத்தை அந்தக் கருகிய நெகடிவிலிருந்தே எடுத்தார்கள் என்பதைப் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

2014இல் இந்த விழாவில் ஐம்பதுகளின் இந்தியப் படங்களுக்கென்று தனிப் பிரிவே போட்டார்கள், அதில் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'வும் இருந்தது. அந்த முரசு நடனத்தை இத்தாலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அரவிந்தனின் மலையாளப் படம் 'கும்மாட்டி' மீட்டெடுக்கப்பட்டு 2021இல் முதலில் திரையிடப்பட்டது இங்கே. 2025 ஜூன் 27 அன்று 'ஷோலே'யை வெட்டுப்படாத வடிவத்தில், நெருக்கடிநிலைக் காலத் தணிக்கை மாற்ற வைப்பதற்கு முன்பிருந்த அசல் முடிவோடு, ஊர் நடுச் சதுக்கத்தில் போட்டார்கள். அதற்கு மும்பையின் பிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மும்பையிலும் இங்கிலாந்திலும் கிடந்த சுருள்களைத் தேடிச் சேர்த்து இந்தக் கூடத்தோடு சேர்ந்து பல ஆண்டு உழைத்தது.

இதையெல்லாம் பார்க்கும்போது வயிற்றெரிச்சலும் வரும், மறைக்க வேண்டியதில்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. இந்தியாவில் எடுத்த 1,300க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவற்றிலும் பல துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் தீப்பிடித்தால் அணைக்க முடியாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளும் எரியும். பின்னால் வந்த அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்து வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும், நம் கடற்கரை ஊர்களின் காற்று அதற்கு எமன். இயற்கை மட்டும் காரணமில்லை, வெள்ளி எடுப்பதற்காகப் பிரிண்டுகளை எடைக்குப் போட்ட கதையும் நம்மிடம் உண்டு. 2017இல் பிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சென்னையில் சுருள் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறை நடத்தியது, நம் இளைஞர்கள் பலர் கலந்துகொண்டார்கள். இன்னும் நிறைய பேர் வர வேண்டும். பொலோன்யாவில் கியூவில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் ஏதோ ஒரு நாட்டுக் காப்பகத்தில் வேலை பார்ப்பவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பேச்சுக் கொடுங்கள், தமிழ்ப் படங்களைப் பற்றிக் கேட்பார்கள், உண்மையான ஆர்வத்தோடு கேட்பார்கள்.

சதுக்கம் என்றேன், அது பியாட்சா மாஜோரே. பெரிய திரையும் ஆயிரக்கணக்கில் நாற்காலியும் போட்டு, இரவு ஒன்பதே முக்காலுக்குப் படம், அனுமதி இலவசம். ஜூன் கடைசியில் அங்கே இருட்டவே ஒன்பதரை ஆகும், அதனால்தான் இவ்வளவு தாமதம். நாற்காலி கிடைக்காதவர்கள் சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் படிக்கட்டில் உட்காருவார்கள், ஊர்க்காரர்கள் குழந்தை குட்டியோடு வருவார்கள். பகலில் புகழ்பெற்ற படங்களை விடுங்கள் என்றேன் அல்லவா, இரவில் இங்கே அவற்றைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பதற்காகவே பார்க்கலாம். அதே சதுக்கத்துக்குப் பக்கத்தில் தரைக்கு அடியில் மொதெர்னிசிமோ என்ற தியேட்டர் இருக்கிறது. 1915இல் திறந்தது, நெடுங்காலம் பூட்டிக் கிடந்து 2023 நவம்பரில் பழைய அழகோடு மறுபடி திறந்தார்கள். இப்போது விழாவின் மிக அழகான அரங்கம் அதுதான். ஒரு மௌனப் படமாவது அதில் பாருங்கள்.

மற்ற விழாக்களோடு ஒப்பிட்டால், ஊமைப்படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதே இத்தாலியில் அக்டோபரில் நடக்கும் போர்தெனோனே விழா இருக்கிறது, 1982இலிருந்து. அங்கே படங்களை மோதவிட மாட்டார்கள், நிதானமாகப் பார்க்கலாம். ஹாலிவுட்டில் டிசிஎம் என்ற பழைய பட டிவி சேனல் நடத்தும் விழா 2010இல் தொடங்கியது, ஹாலிவுட் நட்சத்திரப் பிரியர்களுக்கு அதுதான் சரி. நிஜ நைட்ரேட் பிரிண்டையே ஓட்டும் விழா அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் 2015இலிருந்து நடக்கிறது, என்ன படம் என்பதையே தொடக்க நாள் வரை சொல்ல மாட்டார்கள். அங்கே ஒருநாள் போக வேண்டும் என்பது என் ஆசை. முதல் தடவை போகிறவருக்கு, அதிலும் எல்லாக் காலத்துப் படமும் பிடிக்கும் என்பவருக்கு, பொலோன்யாவைவிட நல்ல இடம் இல்லை.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் 35 டிகிரியைத் தொடும், புழுக்கமும் உண்டு, ஆனால் ஊர் முழுக்கக் கூரை போட்ட தூண் நடைபாதைகள், மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல், தியேட்டருக்குத் தியேட்டர் பெரும்பாலும் நிழலிலேயே நடந்துவிடலாம். ஊருக்குள் தங்குங்கள், கொஞ்சம் கூடுதல் வாடகை ஆனாலும் பரவாயில்லை, நள்ளிரவில் நடந்தே அறைக்குத் திரும்ப முடிவது பெரிய வசதி. சைவம் என்றால் கவனம் தேவை: ராகு என்றால் இறைச்சிக் குழம்பு, தொர்தெல்லினிக்கு உள்ளே பன்றி இறைச்சி. ரிக்கொத்தா பாலாடைக்கட்டி அடைத்த தொர்தெல்லோனியை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேளுங்கள், பிரமாதமாக இருக்கும். மதியம் இரண்டரைக்கு மேல் பெரும்பாலான உணவகங்களில் சமையல்கட்டை மூடிவிடுவார்கள், படம் பார்த்துவிட்டு நாலு மணிக்குச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். படத்துக்கு முன்னால் அறிமுக உரை உண்டு, இத்தாலியத்தில் பேசி ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்கள், அதனால் படம் அட்டவணையில் போட்ட நேரத்துக்கு முடியாது. இரண்டு படத்துக்கு நடுவில் அரை மணிநேரமாவது விடுங்கள். முழு அட்டவணை விழாவுக்குச் சில வாரங்கள் முன்புதான் வரும், இருக்கை முன்பதிவு முறை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டு என்ன விதி என்று பாஸ் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

இப்போது அப்பா விஷயம். வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கில, இத்தாலிய சப்டைட்டில் போடுவார்கள், தமிழ் கிடையாது. ஆகவே அவருக்கு மௌன நகைச்சுவைகளைத் தேர்ந்தெடுங்கள். சினெதெக்கா சாப்ளின் படங்களில் பெரும்பாலானவற்றை மீட்டெடுத்த இடம், 2015இலிருந்து கீட்டன் படங்களையும் எடுத்துச் செய்தது. இவர்கள் இருவரின் படங்களோ லாரல் ஹார்டியோ எந்த ஆண்டும் ஏதாவது ஒரு பிரிவில் வந்துவிடும். சில ஆண்டுகளில் சதுக்கத்தில் பொலோன்யா ஓபரா அரங்கின் இசைக்குழுவே உட்கார்ந்து, டிமோதி பிராக் நடத்த, சாப்ளின் படத்துக்கு நேரடியாக வாசித்திருக்கிறார்கள். அப்படி ஒரு இரவு அட்டவணையில் இருந்தால் உங்கள் பயணத் தேதியையே அதை வைத்து முடிவுசெய்யுங்கள். இடையில் வரும் எழுத்து அட்டைகளை நீங்கள் காதில் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல்நாள் இரவே கதையைச் சொல்லிவிடுங்கள், சாப்ளினுக்கு அதுவே அதிகம். கார்பன் விளக்குக் காட்சிக்கு அவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், முடிந்ததும் மெஷின் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஆபரேட்டர்கள் மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள். பகல் ஒன்றிலிருந்து ஐந்து வரை அவரை அறையில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு நீங்கள் உங்கள் டெக்னிகலர் பிரிண்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவு சதுக்கம், அவருக்கு அது தாராளம்.

9 நாள் முடியாது என்றால் ஐந்து நாள் வையுங்கள், அதற்குக் குறைந்தால் பயணக் களைப்புக்கே பாதி போய்விடும். வார நாட்களில் வந்தால் கூட்டம் கொஞ்சம் குறைவு. இத்தாலிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக் காலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பது கஷ்டம் என்பதால் பிப்ரவரி மார்ச்சிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பாஸ் வாங்கிய ரசீதையும் தங்குமிட உறுதியையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். அறையை மட்டும் இப்போதே, ரத்து செய்யக்கூடிய வகையில், போட்டு வைத்துவிடுங்கள். அட்டவணை வந்தபிறகு தேடினால் ஊருக்குள் ஒன்றும் மிஞ்சாது.